வௌவால் கதை போதும், பட்டறைக் கதைக்கு வருவோம்

ஹெவி மெட்டல் கேட்பேன் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் வௌவால் கதையை எடுத்துவிடுவார். 1982 ஜனவரி 20, அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டெ மாய்ன் நகரம். பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் கச்சேரி. கூட்டத்திலிருந்து யாரோ ஒரு வௌவாலை மேடைக்கு எறிய, ரப்பர் பொம்மை என்று நினைத்து ஓஸி அதன் தலையைக் கடித்துவிட்டார். அப்புறம் வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசி. நடந்த சம்பவம்தான். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு ஓஸி பாடிய எந்தப் பாட்டை வேண்டுமானாலும் போட்டுக் கேளுங்கள், ஒரு சுரம்கூட முன்பைவிட வேறு மாதிரி காதில் விழாது.

துணுக்குச் செய்திகள் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. யார் எந்த கிட்டாரை வாசித்தார், எந்த அறையில் பதிவு செய்தார்கள், மைக்கை எங்கே தொங்கவிட்டார்கள் என்று மணிக்கணக்கில் பேசுவேன். இத்தனை வருடம் கேட்டதில் ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகிவிட்டது. சாத்தான், பாம்பு, ரத்தம் பற்றிய துணுக்குகள் எல்லாம் விளம்பரத்துக்கு உதவியவை. இந்த இசை ஏன் இப்படி ஒலிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பட்டறைக்குள் போக வேண்டும். வேலை செய்தவர்களுக்கு எங்கே முட்டுக்கட்டை விழுந்தது, கையில் இருந்ததை வைத்து அதை எப்படிச் சமாளித்தார்கள் என்ற கதைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டபின் பாட்டே மாறிக் கேட்கும்.

முதலில் பர்மிங்காம் போவோம். அங்கே ஆஸ்டன் என்கிற தொழிலாளர் பகுதி. பிளாக் சப்பாத் குழுவின் நான்கு பேரும் அந்தப் பக்கத்துப் பையன்கள். குழுவில் பாடிய அதே ஓஸி கசாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதற்கு முன் கார் ஹாரன் சரியாக ஒலிக்கிறதா என்று சோதிக்கும் வேலை. கிட்டார் வாசித்த டோனி அயோமி தகட்டுப் பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். 1965இல் அவருக்குப் பதினேழு வயது. முழுநேரமும் இசைக்கே போய்விடுவது என்று முடிவு செய்து வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனி திரும்பிப் போக வேண்டாமே என்று பார்த்தார். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார்.

தகடு வளைக்கும் பிரஸ்ஸில் வழக்கமாக நிற்கும் ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த இயந்திரத்தில் அயோமியை நிறுத்தினார்கள். பிரஸ் இறங்கியபோது அவருடைய வலது கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன.

வலது கைதானே, தந்தியை மீட்டும் கைதானே என்று நினைப்போம். அயோமி இடது கைக்காரர். அவருக்கு மீட்டுவது இடது கை, கழுத்தில் தந்தியை அழுத்திச் சுரம் பிடிப்பது வலது கை. கிட்டார் வாசிப்பவருக்கு எந்த இரண்டு விரல் நுனி போகக் கூடாதோ அந்த இரண்டும் போயின.

மனம் உடைந்து கிடந்தவரைப் பார்க்கப் பட்டறை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். கேள் என்றார். எனக்கு இப்போது கிட்டார் சத்தமே கேட்கப் பிடிக்கவில்லை என்றார் அயோமி. வற்புறுத்திக் கேட்க வைத்தபின்தான் மேலாளர் விஷயத்தைச் சொன்னார்: இதை வாசிப்பவர் ஜாங்கோ ரைன்ஹார்ட், 1928இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்துபோனவர், மிச்ச விரல்களால்தான் இப்படி வாசிக்கிறார். அந்த மேலாளரின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆறுதலாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம். அவர் சரியான இசைத்தட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அயோமி பாத்திரம் கழுவும் லிக்விட் வரும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் ராடால் அதில் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டார். விரல் நுனியின் வடிவம் வரும்வரை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து ஒரு தொப்பி செய்தார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டினார். பிடி கிடைத்தது. பட்டறையில் கற்ற கைவேலையை வைத்து, பட்டறை பறித்த விரலை அவரே செய்துகொண்டார்.

அடுத்த தலைவலி தந்தி. வழக்கமான தடிமனில் தந்தியை வளைக்க அந்தத் தொப்பிக்கு வலு போதவில்லை. மெல்லிய தந்தி அன்று கடைகளில் கிடையாது. பாஞ்சோவுக்கு விற்கும் மெல்லிய தந்திகளை வாங்கி கிட்டாரில் மாட்டினார். தொப்பிக்கு அடியில் தந்தி இருப்பதை விரல் உணராது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கவிடும் பிடிகளைக் கார்டு என்பார்கள். எல்லா விரலும் விரித்துப் பிடிக்கிற கார்டுகள் சில அவருக்குக் கைவரவில்லை. இரண்டு மூன்று தந்தியோடு நிற்கும் கனத்த பவர் கார்டுகளை மையமாக வைத்துக்கொண்டு, அவற்றை அதிரவிட்டு, முடிந்தவரை நிரம்பி ஒலிக்கச் செய்தார். பிளாக் சப்பாத்தின் கனம் கனம் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதன் பாதி இந்த இடத்தில் பிறந்தது.

மீதிப் பாதி 1971இல் வந்தது. மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்தின் பல பாடல்களில் அயோமி கிட்டாரின் சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கினார். இறக்கினால் தந்தி தளரும், காயம்பட்ட விரலுக்கு இதம். தளர்ந்த தந்தி ஒலிக்கும் விதமும் வேறு. கீஸர் பட்லரும் பேஸ் கிட்டாரைக் கூடவே இறக்கினார். சில்ட்ரன் ஆஃப் த கிரேவ், இன்டு த வாய்ட் இரண்டையும் போட்டுக் கேளுங்கள், அடித்தளம் கொஞ்சம் உள்வாங்கியது போல இருக்கும். இன்று உலகத்தில் பாதி மெட்டல் குழுக்கள் சுருதி இறக்கித்தான் வாசிக்கின்றன. கிரஞ்ச், டூம், ஸ்லட்ஜ் என்று எத்தனையோ கிளைகள் அந்த இறங்கிய சுருதியிலிருந்து முளைத்தவை.

சாத்தான் சுரம் என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். பிளாக் சப்பாத் என்ற பெயரிலேயே உள்ள அவர்களுடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு மூன்றே சுரம். நம் கணக்கில் சொன்னால் கீழ் ஸ, மேல் ஸ, அப்புறம் நடுவில் பிரதி மத்யமத்தில் வந்து நின்று ஓர் அசைவு. அவ்வளவுதான் ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு. இந்த இடைவெளியை இடைக்காலத்தில் தேவாலயம் தடை செய்திருந்தது, வாசித்தவர்களைத் தண்டித்தார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அன்றைய இசை இலக்கணம் அதைத் தவிர்க்கச் சொன்னது, அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. கல்யாணியில் நமக்கு இனிக்கிற அதே பிரதி மத்யமம்தான் இது. உண்மையில் ரிஃப் வந்த வழி வேறு. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளர் கோள்களைப் பற்றி எழுதிய தொகுப்பில் செவ்வாய்க்கான பகுதியைக் கீஸர் பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சாயலில் அயோமி தன் ரிஃப்போடு வந்தார்.

அந்த முதல் ஆல்பத்தை 1969 அக்டோபர் 16ஆம் தேதி லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டுடியோவில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். மேடையில் வாசிப்பது போலவே ஒன்றாக நின்று வாசித்து முடித்தார்கள். அயோமி ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரோடு போனார். ஒரு பாட்டு முடிந்ததும், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் அதன் பிக்கப் கெட்டுவிட்டது. மாற்றாகக் கொண்டுபோயிருந்த கிப்ஸன் எஸ்ஜி கிட்டாரை எடுத்தார். அதற்குப் பிறகு அயோமி என்றால் எஸ்ஜிதான். மழை, இடி, மணியோசை எல்லாம் குழு கிளம்பிப் போனபின் சேர்க்கப்பட்டவை. தயாரிப்பாளர் ராஜர் பெய்ன். இஞ்சினியர் டாம் ஆலம். இந்த ஆலத்தின் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

அடுத்த கதையின் நாயகன் ஒரு லாரி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஸ்டுடியோவுக்குப் போய்வந்து அலுத்துப்போய், ஸ்டுடியோவையே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று யோசித்தது. அவர்களோடு ஆரம்பத்திலிருந்தே இருந்த பியானோக்காரர் இயன் ஸ்டூவர்ட்டின் யோசனை. லாரிக்குள் ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தினார்கள். அவர்களுக்குத் தேவைப்படாத நாட்களில் மற்ற குழுக்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். எந்த வீட்டிலும், எந்தக் கூடத்திலும் வாசிக்கலாம், கேபிளை மட்டும் லாரி வரைக்கும் இழுத்தால் போதும். ராக் இசையில் அறைகளின் சத்தம் பதிவாகத் தொடங்கியதற்கு இந்த லாரி ஒரு முக்கியக் காரணம் என்பேன். ஸ்டுடியோ என்றால் கம்பளம் விரித்து எதிரொலியைக் கொன்ற அறை என்றிருந்த காலம் அது.

1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழு இந்த லாரியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மாந்த்ரோ ஊருக்குப் போனது. அங்கிருந்த கேசினோ குளிர்காலத்துக்கு மூடப் போகிறது, அந்தக் கூடத்தில் பதிவு செய்யலாம் என்பது ஏற்பாடு. மூடுவதற்கு முன் ஒரே ஒரு கச்சேரி பாக்கி. டிசம்பர் 4, ஃபிராங்க் ஜாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும். பர்ப்பிள் ஆட்களும் பார்க்கப் போயிருந்தார்கள். கூட்டத்தில் ஒருவன் தீச்சுடர்த் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டான். கூரை பற்றிக்கொண்டது. கேசினோ முழுக்க எரிந்துபோனது. மாந்த்ரோ ஜாஸ் விழாவைத் தொடங்கிய குளோட் நோப்ஸ் உள்ளே ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்துவந்தார். யாரும் சாகவில்லை. ஜாப்பாவின் கருவிகள் எல்லாம் போயின. போதாக்குறைக்கு அடுத்த வாரமே லண்டன் மேடையில் ஒருவன் அவரைத் தள்ளிவிட, கால் முறிந்து பல மாதங்கள் சக்கர நாற்காலியில் இருந்தார்.

பர்ப்பிள் குழு தங்கியிருந்த இடத்து ஜன்னலிலிருந்து பார்த்தபோது புகை ஏரியின் மேல் பரவிக்கொண்டிருந்தது. சில நாள் கழித்து பேஸ் வாசிக்கும் ராஜர் குளோவர் தூக்கத்திலிருந்து விழித்தபோது ஸ்மோக் ஆன் த வாட்டர் என்ற தொடர் வாயில் வந்தது. பாட்டின் வரிகள் இந்தச் சம்பவத்தை ஒன்றுவிடாமல் சொல்கின்றன. துப்பாக்கி, ஜாப்பா, குளோட், வாடகை லாரி எல்லாம் அதில் உண்டு.

கேசினோ போனபின் நோப்ஸ் ஒரு நாடகக் கொட்டகையைப் பிடித்துக் கொடுத்தார். ஊருக்கு நடுவே, ராத்திரியில், முழு வால்யூமில் வாசித்தால் யார் சும்மா இருப்பார்கள்? அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். போலீஸ் வந்து கதவைத் தட்டியது. உள்ளே பதிவு ஓடிக்கொண்டிருந்தது. குழுவின் உதவியாளர்கள் கதவைத் திறக்க விடாமல் உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அப்படிக் காப்பாற்றி முடித்த அந்த ஒரு வாசிப்புதான் ஸ்மோக் ஆன் த வாட்டரின் இசை. அந்தக் கொட்டகையில் அவர்களால் உருப்படியாக எடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

அப்புறம் கிடைத்தது கிராண்ட் ஹோட்டல். குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த ஆளில்லாத பெரிய கட்டடம். ஒரு தாழ்வாரத்தில் கருவிகளை வைத்து, அறைகளிலிருந்து மெத்தைகளைத் தூக்கிவந்து எதிரொலியை அடக்கினார்கள். லாரி வெளியே. தாழ்வாரத்திலிருந்து லாரிக்குப் போக நேர் வழி இல்லை. படுக்கையறைகளுக்குள் புகுந்து, பால்கனி தாண்டி, சுற்றிக்கொண்டு போக வேண்டும். வாசித்ததைக் கேட்க ஒவ்வொரு முறையும் இப்படிப் போய்வந்து சலித்துவிட்டது. போய்க் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். இஞ்சினியர் மார்ட்டின் பர்ச் லாரியில் இருந்தபடி நன்றாக இருக்கிறது என்றால் அடுத்த பாட்டுக்குப் போனார்கள். மெஷின் ஹெட் ஆல்பத்தில் ஒரு விறுவிறுப்பு இருக்கிறது, தன்னைத் தானே திரும்பிப் பார்த்துச் சந்தேகப்படாத வாசிப்பு. ஹைவே ஸ்டார் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தாழ்வாரமும் பால்கனியும் எனக்கு ஞாபகம் வரும். அது இல்லாமல் அந்த வேகம் வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

ஸ்மோக் ஆன் த வாட்டர் ரிஃப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கிட்டார் கடையில் புதிதாகப் பழகும் பையன்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் வாசிப்பார்கள். பெரும்பாலும் பிக் என்கிற சிறு தகட்டை வைத்து, பவர் கார்டாக வாசிப்பார்கள். பர்ப்பிளின் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் அப்படி வாசிக்கவில்லை. இரண்டு தந்திகளையும் ஒரே நேரத்தில் விரல்களால் இழுத்து விடுவார். ஜோன் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் வழியாக விட்டு அதே ரிஃப்பை உடன் வாசிப்பார். கிட்டார் எங்கே முடிகிறது, ஆர்கன் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத அந்தக் கரகரப்பு இரண்டும் சேர்ந்தது. குழுவுக்கே இந்தப் பாட்டின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, நெவர் பிஃபோர் என்ற வேறு பாட்டைத்தான் வெளியிட்டார்கள். 1973இல் இது அமெரிக்காவில் சிங்கிளாக வந்து நான்காம் இடம் வரை ஏறியது.

அதே லாரி, மாந்த்ரோவுக்கு முன்பே, இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டு வாசலில் நின்றது. 1795இல் ஏழைகள் விடுதியாகக் கட்டிய கட்டடம். உள்ளே லெட் ஜெப்பலின் தன் நான்காவது ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. டிரம்மர் ஜான் போனமும் பர்மிங்காம் பக்கம்தான், ரெடிச் ஊர், அப்பாவோடு தச்சுவேலை செய்தவர். அவருக்குப் புதிதாக ஒரு டிரம் செட் வந்து இறங்கியது. முன்கூடத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தார். மேலே மாடிப்படி மூன்று தளத்துக்குப் போகிறது. பெரிய கோயில் பிராகாரத்தில் தவில் கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இஞ்சினியர் ஆண்டி ஜான்ஸ் டிரம்முக்குப் பக்கத்தில் மைக் வைக்கவில்லை. படிக்கட்டின் மேலிருந்து இரண்டே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார். வென் த லெவி பிரேக்ஸ் பாட்டின் டிரம்ஸ் அதுதான். அந்தப் பாட்டு 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த ப்ளூஸ். வெள்ளம் வருகிற கனம் டிரம்ஸில் இருக்கிறது என்றால், படிக்கட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

டாம் ஆலத்துக்கு வருவோம். சப்பாத்தின் ஒருநாள் ஆல்பத்தில் இஞ்சினியராக இருந்தவர், பத்து வருடம் கழித்து ஜூடஸ் பிரீஸ்ட் குழுவின் பிரிட்டிஷ் ஸ்டீல் ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர். 1980 ஏப்ரலில் வெளிவந்தது. இங்கிலாந்தின் உருக்காலைத் தொழிலாளர்கள் ஜனவரியிலிருந்து வேலைநிறுத்தம் செய்து அப்போதுதான் முடித்திருந்தார்கள். பதிவு நடந்தது பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் வீட்டில். மெட்டல் காட்ஸ் பாட்டில் இரும்பு மனிதர்கள் அணிவகுத்து வருகிற ஓசை ஒன்று கேட்கும். எந்த ஓசையையும் பதிந்து வேண்டியபோது ஒலிக்கவிடும் சாம்ப்ளர் கருவிகள் இன்னும் கைக்கு எட்டாத காலம். சமையலறையிலிருந்து கரண்டி, கத்தி வைக்கும் தட்டுகளைக் கொண்டுவந்து குலுக்கினார்கள். பிரேக்கிங் த லா பாட்டில் கண்ணாடி உடைவது பால் பாட்டில்கள். ஊரே இரும்பும் உருக்குமாக இருந்த இடத்திலிருந்து வந்த குழு, உலோகத்தின் பெயரால் அழைக்கப்படும் இசையில் அந்த ஓசை வேண்டும் என்றதும் நிஜ உலோகத்தைக் கையில் எடுத்தது. கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அதே வருடம் ஏசி/டிசி குழுவின் பேக் இன் பிளாக் ஆல்பம். பிப்ரவரி 19இல் பாடகர் பான் ஸ்காட் இறந்துவிட்டார். நியூகாசில் பக்கத்திலிருந்து பிரையன் ஜான்சனைக் கூட்டிவந்து பஹாமாஸில் பதிவு செய்தார்கள். ஹெல்ஸ் பெல்ஸ் பாட்டுக்கு ஒரு மணி தேவைப்பட்டது, இரங்கல் மணி மாதிரி. லஃப்பரோவில் உள்ள ஜான் டெய்லர் வார்ப்பாலையில் ஏறக்குறைய ஒரு டன் எடையில் வெண்கல மணி செய்யச் சொன்னார்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் பெரிய மணியை 1881இல் வார்த்த அதே ஆலை. மணி தயாராவதற்குள் பதிவுக்கு அவசரம் வந்ததால், இஞ்சினியர் டோனி பிளாட் அந்த ஊரில் இருக்கும் போர் நினைவுக் கோபுரத்தின் மணியைப் பதிவு செய்யப் போனார். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே கூடு கட்டியிருந்த பறவைகள் படபடவென்று பறந்தன, அந்தச் சத்தமும் சேர்ந்தே பதிவானது. கடைசியில் ஆலையிலேயே புது மணியைத் தொங்கவிட்டு, அடித்துப் பதிவு செய்து, டேப்பைப் பாதி வேகத்தில் ஓட்டினார்கள். பாதி வேகம் என்றால் ஒரு ஸ்தாயி கீழே. ஒரு டன் மணி அதைவிடப் பல மடங்கு பெரிய மணியாகக் கேட்டது.

அப்புறம் அந்த மணியைச் சுற்றுப்பயணத்துக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். மேடைக்கு மேல் அது தொங்கும், ஜான்சன் சுத்தியலால் அடிப்பார். ஒரு டன் எடை தலைக்கு மேல் தொங்குகிறது என்றால், அந்த மேடையும் கூரையும் தாங்குமா என்று யாராவது முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். அந்தக் காலத்துக் கச்சேரி ஒப்பந்தங்கள் புத்தகம் தடிமனில் இருந்ததற்கு இதுதான் காரணம். எத்தனை டன், எத்தனை ஆம்பியர், எவ்வளவு அகலக் கதவு என்று பக்கம் பக்கமாகப் போகும்.

வான் ஹேலன் குழு தன் ஒப்பந்தத்தில் தின்பண்டப் பட்டியலுக்கு நடுவே ஒரு வரி வைத்தது: எம் அண்ட் எம் மிட்டாய் வேண்டும், பழுப்பு நிறம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆணவம் பிடித்தவர்கள் என்று உலகம் சிரித்தது. பாடகர் டேவிட் லீ ராத் தன் சுயசரிதையில் காரணத்தைச் சொல்கிறார். உடை மாற்றும் அறைக்குள் போய்க் கிண்ணத்தில் பழுப்பு மிட்டாய் கிடந்தால், ஒப்பந்தத்தை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். உடனே மேடை, மின்சாரம், பாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்ப்பார்கள். கொலராடோவில் ஒரு பல்கலைக்கழக விளையாட்டரங்கில் பழுப்பு மிட்டாய் கிடந்தது. ராத் அறையில் கலாட்டா செய்தார், அதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். எடைக் கணக்கை அங்கே யாரும் பார்த்திருக்கவில்லை. புதிதாகப் போட்டிருந்த ரப்பர் தரைக்குள் மேடை அமுங்கி இறங்கிவிட்டது. பழுப்பு மிட்டாயைப் பார்த்த கோபத்தில் பாடகர் 85,000 டாலர் சேதம் செய்தார் என்று பத்திரிகையில் வந்ததாக எழுதுகிறார் ராத். மிட்டாய்க் கதை இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும். மேடை அமுங்கிய கதையை நான்தான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.